வெளியில போட்டாச்சு

ஆகஸ்ட் 5, திங்கள்

அருள்செல்வி சிஸ்டர் பள்ளிக்கு வந்திருந்தார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் எங்கள் பகுதிக்கு அவர்தான் நர்ஸ். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் யாருக்கெல்லாம் ஐந்து வயது ஊசி பாக்கி என்று பட்டியல் எடுக்க வேண்டுமாம். தலைமையாசிரியர் அறையில் கூட்டம் நடந்ததால் சத்துணவுக் கூடத்தில் என் மேசையில் உட்கார்ந்து எழுதினார். நான் அன்றைய முட்டையை எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஒவ்வொரு பெயராக வாசித்துக்கொண்டே வந்தவர், என் மகள் கனிஷ்காவின் பெயர் வந்ததும் நிமிர்ந்தார்.

"நம்ம கனிக்குப் போட்டாச்சா வடிவு?"

"வெளியில போட்டாச்சு சிஸ்டர்."

"தேதி ஞாபகம் இருக்கா?"

"ஜூலை இருவது."

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று எழுதிக்கொண்டார். மற்றவர்கள் எல்லாரிடமும் தடுப்பூசி அட்டையைக் கொண்டுவரச் சொல்லியிருந்தார். என்னிடம் கேட்கவில்லை.

முழுப் பொய் என்று சொல்ல முடியாது. இந்தச் சனிக்கிழமை தனியார் கிளினிக்கில் டாக்டர் ஞானதுரையிடம் கூட்டிப் போய்ப் போடத்தான் போகிறேன். தேதி மட்டும்தான் முன்னே பின்னே. எட்டு வருடமாக சத்துணவுப் பதிவேடு எழுதுகிறேன், ஒரு எண்ணை அடித்துத் திருத்தியதில்லை. அதனால்தான் சிஸ்டருக்கு என் மேல் அவ்வளவு நம்பிக்கை.

பருப்பு இன்று கொஞ்சம் அடிப்பிடித்துவிட்டது. சமையல் செய்கிற முப்பிடாதி அக்காவிடம் அடுப்பைக் குறைத்து வைக்கச் சொல்ல வேண்டும்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

ஏன் இதுவரை போடவில்லை என்று எனக்கே ஒரு தடவை எழுதி வைத்துக்கொள்கிறேன்.

2020 ஜூலை. ஊரடங்கு. கனிக்கு ஒன்றரை வயது ஊசி. காலையில் போட்டுவிட்டு வந்தோம், சாயங்காலம் காய்ச்சல் ஏறியது. துணியை நனைத்துக்கொண்டு திரும்புகிறேன், பிள்ளைக்குக் கண் மேலே செருகிக் கை கால் வெட்டி வெட்டி இழுக்கிறது. வாயில் நுரை. கனியின் அப்பா மஸ்கட்டில் இருந்தார், இப்போதும் அங்கேதான் ஏசி மெக்கானிக். தெருவில் ஓர் ஆள் இல்லை. மளிகைக் கடைக்காரர் பைக்கை எடுத்தார். பின்னால் உட்கார்ந்து பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, இது செத்துப்போய்விட்டது என்று நினைத்துக்கொண்டேதான் ஆஸ்பத்திரி வரைக்கும் போனேன்.

அங்கே போனதும் அழுதாள். காய்ச்சலில் வருகிற இழுப்பு, நூற்றுக்கு மூன்று நான்கு பிள்ளைகளுக்கு வரும், ஒன்றும் செய்யாது, அடுத்த ஊசியைத் தாராளமாகப் போடலாம் என்றார் டாக்டர். அவர் சொன்னது முழுவதும் எனக்கு நினைவிருக்கிறது. ஆனால் ஊசி என்றதும் நினைவுக்கு வருவது அந்த பைக்தான்.

ஆகஸ்ட் 10, சனி

கனியைக் கூட்டிக்கொண்டு டாக்டர் ஞானதுரையிடம் போனேன். கூட்டம். பதினொன்றரைக்குத்தான் உள்ளே விட்டார்கள். கேட்க வேண்டியதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போயிருந்தேன். அவர் அதை வாங்கிப் படித்துவிட்டுச் சிரிக்காமல் பதில் சொன்னார்.

"அரசாங்க ஊசில கக்குவான் இருமல் கிருமி முழுசா இருக்கும், செத்த கிருமிதான். அதனால காய்ச்சலும் வீக்கமும் கொஞ்சம் கூட. நாங்க வெளியில போடுத வலியில்லா ஊசில அந்தக் கிருமியோட சில பகுதி மட்டும்தான். காய்ச்சல் கம்மி. ஆனா அதோட பாதுகாப்பு கொஞ்சம் சீக்கிரம் குறையுது."

"இழுப்பு வந்த பிள்ளைக்கு எது சார் நல்லது?"

"அஞ்சு வயசு தாண்டிட்டா அந்த இழுப்பு வாரதே அபூர்வம்மா. வராதுன்னு எழுதிக் குடுக்க முடியாது. ரெண்டுல எது போட்டாலும் எனக்குச் சம்மதம். போடாம இருக்கதுதான் சம்மதம் இல்ல. கக்குவான் இன்னும் ஊருக்குள்ள இருக்கு."

"வலியில்லாததே போட்டுருங்க சார்."

"ஸ்டாக் தீந்துட்டு. ஒரு வாரத்துல வந்துரும். காத்திருக்க வேண்டாம்னா புதன்கிழமை சுகாதார நிலையத்துல போட்டுக்கோங்க."

ஒரு வாரம்தானே, காத்திருக்கிறேன் என்றேன். புதன்கிழமை எப்படிப் போவது? அங்கே அருள்செல்வி சிஸ்டர் இருப்பார். போட்டாச்சு என்று எழுதிவைத்த பிள்ளையை எந்த முகத்தோடு கூட்டிப் போவது?

ஆகஸ்ட் 15, வியாழன்

கொடியேற்றம் முடிந்து வீடு திரும்பியபோது காம்பவுண்டு வாசலில் எதிர் வீட்டுக் கருப்பசாமியின் லோடு ஆட்டோ நின்றது. மாரீஸ்வரியையும் பிள்ளையையும் ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வந்துவிட்டான். ஆண் பிள்ளை. திங்கட்கிழமை பிறந்தது.

எங்கள் காம்பவுண்டில் மூன்று வீடு. ஒன்று பூட்டிக் கிடக்கிறது. ஒன்றில் நானும் கனியும். எதிர் வீட்டில் இவர்கள் இரண்டு பேரும், இனி மூன்று பேர். விரும்பிக் கல்யாணம் செய்துகொண்டதால் இரண்டு வீட்டிலும் பேச்சுவார்த்தை இல்லை. பேறுகாலத்துக்குப் போக மாரீஸுக்குப் பிறந்த வீடு இல்லை. இருபத்து மூன்று வயது. பிள்ளையைத் தூக்கவே பயப்படுகிறாள்.

"அக்கா, நீங்கதான் குளிப்பாட்டித் தரணும். எனக்குத் தலை நிக்காத பிள்ளைய பிடிக்கத் தெரியல."

காலிலே போட்டுக் குளிப்பாட்டினேன். கனியைக் குளிப்பாட்டி ஐந்து வருடம் ஆனாலும் கைக்கு மறக்கவில்லை. பிள்ளை அழாமல் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தது. மாரீஸ் பக்கத்தில் துண்டை விரித்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஆகஸ்ட் 17, சனி

கிளினிக்கிலிருந்து போன். ஊசி வந்துவிட்டதாம், இன்றே வரலாமாம். ரேஷன் கடையில் நின்றுகொண்டிருந்தேன். சாயங்காலம் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

சாயங்காலம் போகவில்லை. முப்பிடாதி அக்காவின் மகன் ஒரு வீடியோ அனுப்பியிருந்தான். ஏதோ ஊரில் ஊசி போட்ட பிள்ளைக்கு ஏதோ ஆகிவிட்டதாம். எந்த ஊர், என்ன ஊசி, எதுவும் அதில் இல்லை. பொய்யாகத்தான் இருக்கும் என்று தெரிந்தது. மூன்று தடவை பார்த்தேன்.

அவரிடம் மஸ்கட்டுக்குப் போன் போட்டுக் கேட்டேன். "நீ பக்கத்துல இருக்க, நீயே முடிவு பண்ணு" என்றார். எப்போதும் இதுதான்.

அடுத்த வாரம் போடலாம்.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

கனிக்கு மூக்கு ஒழுகுகிறது. சளி இருக்கும்போது ஊசி போடக் கூடாது. நல்லவேளை, சனிக்கிழமை போகாமல் இருந்தது.

செப்டம்பர் 2, திங்கள்

சளி விட்டது, இருமல் விடவில்லை. தொடங்கினால் மூச்சு வாங்க இடைவெளி இல்லாமல் இருமுகிறாள். முகம் சிவந்து, கண்ணில் தண்ணீர் வந்து, கடைசியில் சாப்பிட்டதைக் கக்கிவிடுகிறாள். கக்கிய பிறகு ஒன்றுமே நடக்காதது மாதிரி விளையாடப் போய்விடுகிறாள். மருந்துக் கடையில் இருமல் மருந்து வாங்கினேன். தெருவில் குழாய் பதிக்கத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள், தூசிதான் காரணம்.

ஞானதுரையிடம் காட்டலாம்தான். போனால் முதலில் அவர் கேட்கப் போவது என்னவென்று தெரியும்.

செப்டம்பர் 7, சனி

பிள்ளையார் சதுர்த்தி. கொழுக்கட்டை செய்து மாரீஸுக்குக் கொண்டுபோனேன். கனியும் எப்போதும் போலக் கூடவே வந்தாள். பிள்ளை விழித்திருந்தது. இன்னும் பெயர் வைக்கவில்லை, கனி 'குட்டிப்பையா' என்று கூப்பிடுகிறாள். மடியில் வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டாள்.

"சம்மணம் போட்டு உக்காரு, தாரேன்" என்றாள் மாரீஸ்.

கனி பிள்ளையின் முகத்துக்கு நேரே குனிந்து பேசிக்கொண்டிருந்தாள். அப்போது இருமல் வந்துவிட்டது. நான் பிள்ளையை வாங்குவதற்குள் நாலைந்து தடவை இருமிவிட்டாள்.

"என்னக்கா இப்படி இருமுதா?"

"தூசி. பத்து நாளா இப்படித்தான்."

"ஊசியெல்லாம் போட்டாச்சுல்லா?"

"அதெல்லாம் ஆச்சு" என்றேன்.

கனியை அதட்டி வெளியே அனுப்பினேன். பிள்ளையின் முகத்தைத் துடைத்தேன். எச்சில் எதுவும் படவில்லை. எனக்குத் தெரிந்து படவில்லை.

செப்டம்பர் 11, புதன்

மத்தியானம் பள்ளிக்கு போன். மாரீஸ் அழுதுகொண்டே பேசியதில் ஒன்றும் புரியவில்லை. ஓடினேன். பிள்ளை இரண்டு நாளாகவே சரியாகப் பால் குடிக்கவில்லையாம், லேசாக இருமிக்கொண்டிருந்ததாம். இன்று பால் கொடுக்கும்போது இருமி, அப்படியே மூச்சு நின்று, உதடு நீலமாகிவிட்டது. அவள் தலைகீழாகப் பிடித்து முதுகில் தட்டியதில் மூச்சு வந்திருக்கிறது.

கருப்பசாமி லோடு எடுத்துக்கொண்டு தூத்துக்குடி போயிருந்தான். நான்தான் ஆட்டோ பிடித்து அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். போகும் வழியில் இன்னொரு தடவை நீலமானது. பிறந்து முப்பது நாள்.

செப்டம்பர் 12, வியாழன்

பள்ளி முடிந்து ஃப்ளாஸ்கில் வெந்நீர் கொண்டுபோனேன். பிள்ளைக்கு ஆக்சிஜன் வைத்திருக்கிறார்கள். சளி நெஞ்சுக்கு இறங்கியிருக்கும் என்று அதற்கான மருந்து ஏற்றுகிறார்கள். டாக்டரம்மா வந்து மாரீஸிடம் என்னென்னவோ கேட்டார். அவள் பதில் சொன்னாள். நான் ஃப்ளாஸ்கைக் கழுவப் போனேன்.

செப்டம்பர் 13, வெள்ளி

வருகை 112. முட்டை 112. பிள்ளையைத் திருநெல்வேலிக்கு அனுப்பிவிட்டார்கள்.

செப்டம்பர் 14, சனி

பன்னிரண்டாம் தேதி எழுதியதில் ஒன்றை விட்டுவிட்டேன்.

டாக்டரம்மா கேட்டது இதுதான்: "வீட்டுல, பக்கத்துல, யாருக்காவது நாள்பட்ட இருமல் இருக்கா? தடுப்பூசி போடாத பிள்ளைக யாரும் வந்து போறாங்களா?"

மாரீஸ் சொன்னாள்: "எதிர் வீட்டுப் பிள்ளைக்கு இருமல் இருக்கு மேடம். ஆனா அதுக்கு எல்லா ஊசியும் போட்டாச்சு. இவுக பிள்ளைதான், எல்லாம் கரெக்டா பாப்பாக."

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். "அஞ்சு வயசு ஊசியும் போட்டாச்சா?"

நான் தலையாட்டினேன். ஃப்ளாஸ்கைக் கழுவப் போனது அதற்குப் பிறகு.

 தலையாட்டுவதற்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. வாயைத் திறந்திருந்தால் பொய் வந்திருக்காது என்று நினைத்துக்கொள்கிறேன். அதுவும் உண்மையா என்று தெரியவில்லை.

இன்று காலை கனியை ஞானதுரையிடம் கூட்டிப் போனேன். அவள் இருமியதை வெளி அறையில் உட்கார்ந்திருக்கும்போதே அவர் கேட்டுவிட்டார். எழுந்து கதவருகே வந்து நின்றார். இருமி முடித்து மூச்சை உள்ளே இழுக்கும்போது ஒரு கூவல் வந்தது.

"எத்தனை நாளா?"

"ரெண்டு வாரத்துக்கு மேல."

"அந்த ஊசிக்கு நீங்க வரவே இல்லையேம்மா."

எல்லாவற்றையும் சொன்னேன். எதிர் வீட்டுப் பிள்ளையைப் பற்றியும், தலையாட்டியதைப் பற்றியும். அவர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடி வைத்தார்.

"கக்குவான்னுதான் எனக்குத் தோணுது. டெஸ்ட் எடுப்போம், மருந்து இன்னைக்கே தொடங்கணும். உங்க பிள்ளைக்கு வயசு இருக்கு, பழைய ஊசியோட பலம் கொஞ்சம் மிச்சம் இருக்கு, தேறிருவா. அந்தப் பிள்ளைக்கு இந்த ஊசி போடுத வயசே வரல. சுத்தி இருக்கவங்க போட்டுக்கிட்டாதான் அதுக்குக் காவல்." பிறகு, "திருநெல்வேலி டாக்டருக்கு நான் போன் பண்ணிருதேன். ஆனா அந்தத் தாய்கிட்ட நீங்கதான் சொல்லணும்" என்றார்.

கனியை முப்பிடாதி அக்கா வீட்டில் விட்டேன். அங்கே சின்னப் பிள்ளைகள் இல்லை. ஒரு மணி பஸ்ஸில் ஏறினேன். பாதி வழியில் கயத்தாறு வரைக்கும் எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். அதற்குப் பிறகு யோசிக்கவில்லை.

தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே மாரீஸ் தரையில் பாயில் உட்கார்ந்திருந்தாள். பிழிந்த பாலைச் சின்னக் கிண்ணத்தில் மூடி வைத்திருந்தாள். கருப்பசாமி சுவரில் சாய்ந்து நின்றான். என்னைப் பார்த்ததும் மாரீஸ் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

"காலையில ரெண்டு வாட்டி மூச்சு நின்னுட்டுக்கா. மெஷின் வைக்கணும்னு சொல்லுதாக."

"மாரீஸ், கனிக்கு அந்த ஊசி போடல."

"எந்த ஊசி?"

"அஞ்சு வயசு ஊசி. கக்குவானுக்கு உள்ளது. அவளுக்கு இப்ப கக்குவான். அவகிட்ட இருந்துதான் பிள்ளைக்கு வந்திருக்கும். உள்ள இருக்க டாக்டருக்கு ஞானதுரை சார் போன் பண்ணிட்டாரு."

அவளுக்கு எட்டவில்லை. என் கையை விடாமலே இருந்தாள்.

"போட்டாச்சுன்னு சொன்னீகளே. சதுர்த்தி அன்னைக்கு நான் கேட்டேன்லா."

"பொய் சொன்னேன்."

"டாக்டர்கிட்ட தலையாட்டுனீக."

"ஆமா."

அப்போதுதான் கையை விட்டாள். சத்தம் போடுவாள் என்று எதிர்பார்த்தேன். அடித்தாலும் வாங்கிக்கொள்வோம் என்று பஸ்ஸில் நினைத்திருந்தேன். அவள் தாழ்ந்த குரலில், விளங்காத ஒன்றைக் கேட்பது மாதிரிக் கேட்டாள்.

"நீங்கதானக்கா எம்பிள்ளைய தெனமும் குளிப்பாட்டுனீக."

கருப்பசாமி வந்து, "நீங்க வீட்டுக்குப் போங்கக்கா, கனி தேடும்" என்றான். கோபமில்லாமல்தான் சொன்னான்.

டாக்டர் வெளியே வந்தபோது அவரிடம் நானே எல்லாவற்றையும் மறுபடி சொன்னேன். மருந்தை மாற்றிவிட்டோம் என்றார். "ரெண்டு நாள் முன்னாடி தெரிஞ்சிருந்தா ரெண்டு நாள் முன்னாடியே தொடங்கியிருப்போம். அதனாலதான் இப்படி ஆச்சுன்னு சொல்ல மாட்டேன். இல்லைன்னும் சொல்ல முடியாது."

செப்டம்பர் 16, திங்கள்

இரண்டு பிள்ளைகளின் டெஸ்ட் முடிவும் வந்துவிட்டது. இரண்டு பேருக்கும் கக்குவான்.

அருள்செல்வி சிஸ்டர் வீட்டுக்கு வந்தார். எனக்கும் மருந்து கொடுத்தார். பள்ளியில் இருமுகிற பிள்ளைகளைப் பார்க்க நாளை மறுநாள் ஆட்கள் வருகிறார்களாம். எல்லாம் சொல்லி முடித்த பிறகு பையிலிருந்து பதிவேட்டை எடுத்து, கனியின் பெயர் இருந்த பக்கத்தைத் திறந்து என் முன்னால் வைத்தார்.

"இதை நான் அடிச்சு எழுதி, ஏன்னு மேல விளக்கம் குடுக்கணும். அட்டை பாக்காம எப்படி எழுதுனன்னு கேப்பாக. என்ன சொல்ல?"

"நான் பொய் சொன்னேன்னு சொல்லுங்க சிஸ்டர். நான் எழுதித் தாரேன்."

"பயமா இருக்குன்னு எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் என்ன கடிச்சாத் தின்னுருப்பேன்? இந்தத் தெருவுலயே அப்படிப் பயந்த ஒம்போது பேரு வீட்டுல போய் உக்காந்து பேசியிருக்கேன். உங்க வீட்டுக்குத்தான் வரல. உங்களுக்குத் தேவையில்லன்னு நெனச்சேன்."

அவர் அழுதுவிடுவார் போலிருந்தது. ஒரு வெள்ளைத்தாளில் நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

செப்டம்பர் 17, செவ்வாய்

மஸ்கட்டிலிருந்து அவர் போன். இதுவரை நடந்ததைச் சொன்னேன்.

"யாருகிட்ட இருந்து வந்துதுன்னு யாருக்குத் தெரியும்? கருப்பசாமி ஊரெல்லாம் வண்டி ஓட்டுதான். நீ ஏன் வலியப் போய்ச் சொன்ன?"

"சொல்லாம இருந்தா மருந்து மாத்தியிருக்க மாட்டாக."

"டாக்டருக்கு மட்டும் சொல்லியிருக்கலாம்லா. ஒரே காம்பவுண்டுல எப்படி இருக்கப் போற?"

அவர் கேட்டதை நான் ஏற்கனவே எனக்குள்ளே கேட்டுப் பார்த்திருக்கிறேன். பன்னிரண்டாம் தேதியிலிருந்து பதினான்காம் தேதி வரை அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தேன். அதனால் அவர் மேல் கோபப்பட எனக்கு உரிமை இல்லை. இருந்தும் போனை வைத்துவிட்டேன்.

செப்டம்பர் 20, வெள்ளி

கருப்பசாமி துணி எடுக்க வந்தான். மெஷினில்தான் பிள்ளை இன்னும் மூச்சு விடுகிறது. நான் கேட்டேன், அவன் சொன்னான். அவ்வளவுதான் பேச்சு. குழாயடியில் அவர்கள் குடம் காய்ந்து கிடந்தது, கழுவிக் கவிழ்த்து வைத்தேன்.

செப்டம்பர் 25, புதன்

கனிக்கு ஊசி போட்டாயிற்று. மருந்து முடிந்து தேறிவிட்டாள், போடலாம் என்று ஞானதுரை சொல்லிவிட்டார். வலியில்லா ஊசி இருக்கிறது என்றும் சொன்னார். நான் சுகாதார நிலையத்துக்கே கூட்டிப் போனேன். வரிசையில் நின்று, அட்டையைக் கையில் கொடுத்து, அருள்செல்வி சிஸ்டர் தேதியை எழுதுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் என்னிடம் மற்றவர்களிடம் பேசுவது மாதிரியே பேசினார். அரை மணி நேரம் உட்கார்ந்து போகச் சொன்னார், காய்ச்சல் மாத்திரை எவ்வளவு என்று சொன்னார்.

வீட்டுக்கு வந்து அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். மூன்று மணிக்கு நூறு. நான்கு மணிக்கு நூற்று ஒன்று.  மாத்திரை கொடுத்தேன், உடம்பு துடைத்தேன். அவள் கை வலிக்கிறது என்று சிணுங்கிக்கொண்டே பொரிகடலை கேட்டாள். ஆறு மணிக்குத் தொண்ணூற்றொன்பது. தூங்கிவிட்டாள்.

இவ்வளவுதான். ஒரு மத்தியானம். இந்த ஒரு மத்தியானத்துக்குப் பயந்துதான் எல்லாம். இழுப்பே வந்திருந்தாலும் ஐந்து நிமிடம். அங்கே அந்தப் பிள்ளை பதினொரு நாளாக மெஷினில் கிடக்கிறது.

அடுப்படியில் போய் நின்று அழுதேன். யாருக்காக என்று சொல்லத் தெரியவில்லை. பெரும்பாலும் எனக்காகத்தான் இருக்கும்.

செப்டம்பர் 28, சனி

மெஷினை எடுத்துவிட்டார்களாம். தானாக மூச்சு விடுகிறதாம். கருப்பசாமி சிஸ்டரிடம் சொல்லி, சிஸ்டர் எனக்குச் சொன்னார்.

அக்டோபர் 4, வெள்ளி

வந்துவிட்டார்கள். ஆட்டோ சத்தம் கேட்டு வாசலுக்குப் போனேன், பிறகு உள்ளே வந்துவிட்டேன். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பிள்ளை பிறந்தபோது இருந்ததைவிட மெலிந்திருக்கிறது. மாரீஸும்தான். அவள் எங்கள் வீட்டுப் பக்கம் பார்க்காமல் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"குட்டிப்பையாவ பாக்கப் போகட்டா?" என்று கனி கேட்டாள். வேண்டாம் என்றேன். "நான் இருமலியே இப்ப" என்றாள். அவளுக்கு என்ன தெரியும் என்று எனக்குத் தெரியவில்லை. பள்ளியில் யாராவது சொல்லியிருப்பார்கள். "உன்னால இல்லட்டி, அம்மா செஞ்ச தப்பு" என்றேன். என்ன தப்பு என்று கேட்டாள். ஒன்று விடாமல் சொன்னேன். கேட்டுவிட்டு, "நீ மிஸ்கிட்டயெல்லாம் பொய் சொல்லக் கூடாதுன்னு சொல்லுவியே" என்றாள்.

அக்டோபர் 9, புதன்

வேறு வீடு பார்க்கலாம் என்று நினைத்தேன். நான் போனால் அவர்களுக்கு நிம்மதியா, எனக்கா என்று யோசித்தேன். எனக்குத்தான். பார்க்கவில்லை.

அவள் தண்ணீர் பிடிக்க வரும் நேரத்தில் நான் குழாயடிக்குப் போவதில்லை. பிள்ளை அழுதால் கேட்கிறது. இருமினாலும் கேட்கிறது. இருமல் விட இன்னும் இரண்டு மூன்று மாதம் ஆகலாமாம்.

அக்டோபர் 16, புதன்

காலை ஒன்பது மணிக்குக் கதவு தட்டும் சத்தம். மாரீஸ். பிள்ளையைத் துண்டில் சுற்றித் தோளில் போட்டிருந்தாள். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

"இன்னைக்கு இவனுக்கு மொத ஊசி. ஒன்றரை மாசத்துல போட வேண்டியது, ஆஸ்பத்திரில கிடந்ததால தள்ளிப்போச்சு. அவுக லோடு ஏத்திட்டுப் போயிருக்காக."

"வரட்டுமா?"

அவள் பிள்ளையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள். "எனக்கு ஒண்ணு தெரியணும். சிஸ்டரும் டாக்டரும் ஒண்ணும் ஆகாதுன்னுதான் சொல்லுவாக. உங்களுக்குத்தான் ஆகியிருக்கு. காய்ச்சல் வருமா?"

"வரலாம். அன்னைக்கே வரும். ஒண்ணு ரெண்டு நாள்ல போயிரும். போட்ட இடம் வீங்கும், ரொம்ப அழுவான்."

"இழுப்பு?"

"ரொம்ப ரொம்ப அபூர்வம். கனிக்கு வந்துது. வந்தாலும் பிள்ளைய ஒருக்களிச்சுப் படுக்க வச்சிட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகணும். பாக்க உயிரே போயிரும். ஆனா பிள்ளைக்கு ஒண்ணும் ஆகல. கனிக்கு ஒண்ணும் ஆகல."

"வலியில்லா ஊசின்னு ஒண்ணு இருக்காமே."

"இருக்கு. காய்ச்சல் கம்மி. அதுவும் நல்லதுதான். இன்னைக்கு அங்க இருக்கது இது. இன்னைக்கே போட்டுரு மாரீஸ். அதையும் இதையும் நெனச்சு நாளத் தள்ளிராத."

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் சொல்வது உண்மையா என்று பார்க்கிறாள் என்று புரிந்தது. இனி எப்போதும் அப்படித்தான் பார்ப்பாள்.

"எனக்கு உங்ககிட்ட வந்து கேக்கவே பிடிக்கலக்கா" என்றாள். "வேற யாருகிட்ட கேக்கன்னு தெரியல."

ஆட்டோவில் அந்த ஓரத்தில் அவளும் இந்த ஓரத்தில் நானும் உட்கார்ந்து போனோம். சுகாதார நிலையத்தில் சிஸ்டர் பிள்ளையின் பெயரைக் கேட்டார். மருதுபாண்டி என்றாள். பெயர் வைத்தது எனக்கு அப்போதுதான் தெரியும். ஊசி போடும்போது அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, பிள்ளையை மட்டும் என் பக்கமாக நீட்டினாள். காலைப் பிடித்துக்கொண்டேன். வீறிட்டு அழுதான். நல்ல பலமான குரல். அழுது முடித்ததும் அவள் கைக்குப் போய்விட்டான்.

சாயங்காலம் ஐந்து மணிக்குக் காய்ச்சல் வந்தது. மாரீஸ் வீட்டுக் கதவு திறந்திருந்தது. கூப்பிடாமல் உள்ளே போகக் கூடாது என்று வாசல்படியில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து தெர்மாமீட்டரை நீட்டினாள்.

"இதுல எம்புட்டுன்னு பாருங்க."

"நூறு புள்ளி ரெண்டு. சிஸ்டர் தந்த சொட்டு மருந்த குடு. அரை மணி கழிச்சுப் பாப்போம்."

அரை மணி நேரத்துக்கு ஒரு தடவை நீட்டினாள். நான் பார்த்துச் சொன்னேன்.  ஏழரை மணிக்குத் தொண்ணூற்றொன்பதுக்குக் கீழே வந்தது. பிள்ளை பால் குடிக்கும் சத்தம் கேட்டது. மாரீஸ் கதவைச் சாத்தவில்லை, வா என்றும் சொல்லவில்லை. கனி வந்து சோறு கேட்கிறவரை அந்தப் படியிலேயே உட்கார்ந்திருந்தேன்.